முகம் இல்லாத இழுப்பறை

அத்தியாயம் 4

வாசற்படியில் இருந்த பெட்டி மருமகளுடையது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் மாமனார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மருமகள். அழவில்லை. போகிறவர் வருகிறவர் யாராவது பார்த்தால் அவளும் பார்த்தாள். பார்த்தவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

துப்பறியும் அண்ணியைப் பின்னால் ஏற்றிவந்த ஸ்கூட்டரை நிறுத்தி, அவருடைய கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணி, நம்ம கட்சிக்காரரை வாசல்லயே டெலிவரி பண்ணி வெச்சிருக்காங்க."

"வாயை மூடிட்டு வா," என்றார் அண்ணி.

ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணிதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைத் துருவும் வேலையில் வெகுகாலம் இருந்தவர். எரிந்துபோன கிடங்குகளுக்குள் நுழைந்து, எரியாமல் தப்பியது எது, ஏன் தப்பியது என்று பார்த்துப் பழகிய கண். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டார். கணவரின் தம்பி உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்டான். அவன் 'அண்ணி அண்ணி' என்பதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் போலீஸ்காரர்களும், பிடிபட்ட திருடர்களும்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வீட்டின் விவகாரத்தை மருமகள் நேற்றே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். தெருப்பக்கம் இரும்புச் சாமான் கடை, பின்னால் வீடு. கடை மாமனாரின் தகப்பனார் தொடங்கியது. ஊர் முழுக்க அரசாங்கத்தின் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதல்லவா, உரிமம் இல்லாத துப்பாக்கி யாரிடமாவது இருப்பது தெரிந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், உங்கள் பெயரைக் கேட்கமாட்டோம் என்று? அந்த எண்ணுக்கு யாரோ பேசியிருக்கிறார்கள். போன வாரம் போலீஸ் வந்தது. கடைக்குப் பின்னாலிருக்கும் சரக்கறையில், ஆணி மூட்டைகளின் மறைவிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தது. அவள் கணவனைக் கைது செய்தது.

கணவன் ஜாமீனில் வந்துவிட்டான். துப்பாக்கி தன்னுடையது இல்லை, பக்கத்து பெயின்ட் கடைக்காரன் பகை வைத்துக் கொண்டுவந்து போட்டது என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு கடைக்கும் பொதுவான சுவர் யாருடையது என்று நெடுநாள் தகராறு. ஆகவே இப்போது பெயின்ட் கடைக்காரர் தினமும் காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருகிறார்.

மாமனாருக்கு அதுவும் பெரிதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. போட்டது வெளியாள் என்றே இருக்கட்டும், காட்டிக்கொடுத்தது யார்? சரக்கறைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுவரை போலீசுக்குத் தெரிந்திருந்தது. அது வீட்டுக்குள் இருக்கும் வாய்தான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் கண்டதை வீட்டுத் தலைவனிடம் சொல்லாமல் அரசாங்கத்திடம் சொன்ன அந்த வாய்க்கு இனி இந்த வீட்டில் சோறு இல்லை என்றார். வேற்று வீட்டிலிருந்து வந்தவள் ஒருத்திதான். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் இங்கேயே இருக்கும், அவளை மட்டும் அவளுடைய அப்பா இன்று மாலைக்குள் வந்து அழைத்துப் போகவேண்டும்.

"நீங்க கூப்பிட்டீங்களா?" என்று அண்ணி நேராகவே கேட்டார்.

"இல்ல. கூப்பிட்டிருந்தா, ஆமான்னு சொல்லிட்டு நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். அப்படி ஒண்ணு அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. செய்யாததுக்கு நான் படி இறங்கமாட்டேன்."

அண்ணி தன் நிபந்தனையை மறுபடி நினைவுபடுத்தினார். துப்புச் சொன்னவர் யார் என்று கண்டுபிடித்துக் கையில் கொடுக்கும் வேலையை அவர் எடுப்பதில்லை. பெயர் வெளியே வராது என்று நம்பி ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார், அந்த நம்பிக்கையைக் காசுக்கு உடைக்கமாட்டார். இவள் சொல்லவில்லை என்பதை மட்டும் நிரூபிப்பார்.

"அது போதும்," என்றாள் மருமகள்.

கடையின் ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் அந்தச் சுவரொட்டி பாதி கிழிந்து தொங்கியது. அதன் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. தினமும் யாரோ ஒட்டுகிறார்கள், தினமும் மாமனார், அந்தப் பெரியவர், தன் கையால் கிழிக்கிறார்.

"கிழிக்கிறதுலயும் ஒரு ஒழுங்கு பாருங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி."

பெரியவர் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரும் பழக்கம் இல்லாதவர் போலிருந்தது. வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. அண்ணியை வரவேற்றார், ஆனால் ஒரு சொல்கூட மிகுதியாகப் பேசவில்லை. மருமகள் யாரை வேண்டுமானாலும் அழைத்து வரட்டும், எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும், இந்தக் குடும்பத்தில் ஒளிக்க எதுவும் இல்லை என்றார்.

"இவர் முதுகை வெச்சுக் கொத்தனாரோட ரசமட்டத்தையே சரிபார்க்கலாம் போல," என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

மகன் ஒரு ஸ்டூலில் சாய்ந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைக்கு வருகிறவர்கள் அவனைச் சின்ன முதலாளி என்பார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பெயின்ட் கடைக்காரர்தான் பதில். அவன்தான் போட்டான், அவன்தான் சந்தையில் தன்னை எல்லார் முன்னும் தள்ளினான், அவனுக்கு ஒருநாள் இருக்கிறது. போலீஸ் துப்பாக்கியை எடுத்தபோது தோட்டா இருந்ததா என்று அண்ணி கேட்டார். ஒன்றுகூட இல்லை, அதனால்தான் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொன்னார் என்றான். சொல்லும்போது அவன் கண் ஒருமுறை கடை முழுவதையும் சுற்றி வந்தது. எதையோ தேடித் தேடி அலுத்த கண்.

ஒரு மூலையில், பெரியவரின் தங்கை வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மணமாகாதவர், நரைத்த தலை. வீட்டில் எல்லாருக்கும் அத்தை, அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இந்தக் கடையின் உள் ஒழுங்கு அவர் கையில்தான். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அத்தைக்குப் பின்னாலிருந்த சுவரைத்தான் அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு துளை, அதன் வழியே மெல்லிய கம்பியால் கட்டிய ஒரு பொருள். ஒன்றில் ஒரு போல்ட், ஒன்றில் கீல், ஒன்றில் கொக்கி, ஒன்றில் தாழ்ப்பாளின் நாக்கு. எழுத்து எங்கும் இல்லை.

அது என்ன ஏற்பாடு என்று அண்ணி கேட்டதும்தான் பெரியவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. அவர் தகப்பனார் வைத்த ஏற்பாடு அது. முகத்தில் எது இருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கவேண்டும். படிக்கத் தெரியாதவரும் விரலை நீட்டிக் கேட்கலாம். சரக்கு தீர்ந்துவிட்டால் அந்தக் கணமே மாதிரியைக் கழற்றிவிட வேண்டும். முகம் வெறுமையாக இருந்தால் உள்ளும் வெறுமை. அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது, யாரும் திறப்பதும் இல்லை. தகப்பனார் காலத்திலிருந்து இந்தச் சுவரில் ஓர் இழுப்பறைகூடப் பொய் சொன்னதில்லை என்றார் பெரியவர்.

"அப்போ போலீஸ்காரங்களும் வெறும் டிராயரைத் திறக்கலையா?" என்று கொழுந்தன் கேட்டான்.

துப்பாக்கி கிடைத்தவுடன் அவர்கள் போய்விட்டார்கள், இந்தச் சுவர்ப் பக்கம் வரவேயில்லை என்றார் பெரியவர். வந்திருந்தால் தானே விதியை விளக்கிச் சொல்லியிருப்பாராம்.

அண்ணி யோசித்தார். காலையில் இன்ஸ்பெக்டரிடம் பேசியிருந்தார். பழைய பழக்கம். பேசியவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை, அவருக்கே அதைத் தெரிவிப்பதில்லையாம். எழுத்தில் வந்த செய்தி மட்டும்தான் தெரியும், அதைப் புலம்பலாகச் சொன்னார். துப்புச் சொல்கிறார்களா, போலீசுக்கு உத்தரவு போடுகிறார்களா என்று தெரியவில்லையாம். பின்வாசல் வழியாக வரவேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாக இருக்கவேண்டும். பூட்டை உடைக்கக்கூடாது, சாவி ஆணியில் இருக்கிறது. மூட்டைகளைக் கலைத்தால் பழையபடி அடுக்கிவிட்டுப் போகவேண்டும்.

இது பகையாளியின் குரல் இல்லை. பகையாளி, ஊர் கூடுகிற நேரத்தில் முன்வாசலுக்கு ஜீப்பை வரவழைப்பான். தோட்டாவையும் துப்பாக்கியிலேயே விட்டுவைப்பான், தண்டனை கூடும் அல்லவா? சின்ன முதலாளியின் கண் கடைக்குள் தேடியதும் அதைத்தான். இந்தத் துப்பாக்கியிலிருந்து யாரோ தோட்டாக்களை முன்பே எடுத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து போகும்வரைகூட அந்த வீட்டில் ஒன்றும் வெடித்துவிடக்கூடாது என்று பயந்தவர் எடுத்திருக்கிறார். எடுத்தவர்தான் பேசியவர். எடுத்ததை எங்கே வைத்தார் என்பது மட்டும்தான் கேள்வி.

"இரும்புக் கடையில தோட்டாவைத் தேடறதா?" என்றான் கொழுந்தன், அண்ணியின் முகத்தைப் படித்துவிட்டு. "உப்பு மூட்டைக்குள்ள உப்பைத் தேடற மாதிரி." யோசனை ஓடாதபோது அவன் விரல் சும்மா இருக்காது. சுவரின் மேல் தாளம் போடத் தொடங்கினான்.

"தாளம் போடாதே."

நிறுத்தினான்.

"போடு," என்றார் அண்ணி.

"அண்ணி?"

"முகம் இல்லாததா பார்த்துப் போடு."

வெறுமையான முகங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன. கொழுந்தன் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டு போனான். காலிப் பெட்டிக்குரிய வெற்றொலி வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஏணியின் இரண்டாம் படியில் ஏறினால் எட்டும் உயரத்தில் இருந்த ஒன்று மட்டும், தட்டியபோது தொண்டை அடைத்த ஆள்போல மந்தமாக ஒலித்தது.

வாஷர்கள் உருளும் சத்தம் மூலையில் நின்றது.

"இது காலிதானேம்மா?" என்று கொழுந்தன் அத்தையைக் கேட்டான்.

"முகத்தைப் பாருங்க," என்றார் அத்தை. ஆமாம் என்று சொல்லவில்லை.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தார். நீண்டகாலம் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு அது போதும். அவன் பெரியவரிடம் போய், தன் வீட்டுக் கதவு ஒன்று மழைக்காலத்தில் மூடுவதில்லை, வெயில் காலத்தில் திறப்பதில்லை, இதற்கு எந்தக் கீல் போடலாம் என்று தொடங்கினான். பெரியவர் அவனை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்க் கீல்களைக் காட்டினார். சின்ன முதலாளி கைபேசியை எடுத்துக்கொண்டு யாருக்கோ பேசப் பின்பக்கம் போனான்.

அண்ணி ஏணியில் ஏறி அந்த இழுப்பறையை இழுத்தார். பழுப்புத் தாள் விரித்திருந்தது. தாளின் மேல் தோட்டாக்கள். அள்ளிப் போட்டவை அல்ல. எல்லா மூக்கும் ஒரே பக்கம் பார்க்க, ஒன்றையொன்று உரசாமல், வரிசையாகப் படுக்கவைத்திருந்தது. இந்தக் கடையில் போல்ட்டுகளை அப்படித்தான் வைக்கிறார்கள்.

திரும்பினார். அத்தை எழுந்து நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெஞ்சும் பார்வை இல்லை அது. என்ன செய்யப் போகிறாய், செய் என்கிற பார்வை. அண்ணி இழுப்பறையை மெல்ல மூடிவிட்டு இறங்கினார்.

தெருவோரம் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அண்ணியும் கொழுந்தனும் பேசினார்கள். கொழுந்தன்தான் விரல் விட்டு எண்ணினான்.

"முகம் வெறுமையா இருந்தா யாரும் திறக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்கதான் அங்க வெச்சிருக்கணும். வீட்டுல அந்த விதி தெரிஞ்சவங்க மூணு பேர். மருமகள் கடைக்குள்ள கால் வெச்சதே இல்லையாம், இந்த வீட்டுப் பழக்கம் அப்படி. அவங்க கணக்குல இல்ல. சின்ன முதலாளி இன்னும் தோட்டாவைத் தேடிட்டுத்தான் இருக்கார், கண்ணே சொல்லுது. அந்தச் சுவர்ல அவர் திறந்து பார்க்காதது வெறும் டிராயர் மட்டும்தான். தாத்தா சொன்னதை அவரும் நம்பறார் பாருங்க. பெரியவரோ, தானே போன் பண்ணிட்டுத் தானே கொதிக்கற ஆள் இல்ல."

"மிச்சம் ஒருத்தர்," என்றார் அண்ணி.

"கேஸ் முடிஞ்சது. உள்ளே போய்ச் சொல்லிட்டா மருமகள் பெட்டி உள்ளே போகும்."

"அத்தை பெட்டி வெளியே வரும்."

கொழுந்தனுக்கு அதற்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. அது அபூர்வம். அந்த அம்மாவுக்குப் போக ஒரு வீடாவது இருக்குமா என்று கேட்டான். அண்ணி வாசலைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் மருமகள் அதே நிமிர்வோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

இருவரும் மறுபடி உள்ளே போனார்கள். மருமகளையும் கூப்பிட்டார் அண்ணி. கடைக்குள் வர அவள் தயங்கினாள். பெரியவர் முகம் கடுத்தது, ஆனால் தடுக்கவில்லை. கொழுந்தன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"உங்க மருமகள் அந்த எண்ணுக்குப் பேசலை," என்றார் அண்ணி. "அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. பேசினவங்க துப்பாக்கியிலேருந்து தோட்டாவை எடுத்து ஒரு இடத்துல வெச்சிருக்காங்க. அந்த இடம் உங்க மருமகளுக்குத் தெரிய வழியே இல்ல."

சின்ன முதலாளி ஸ்டூலைவிட்டு எழுந்தான். "தோட்டா எங்க?"

கேட்ட வேகத்தில் அவனுக்கே தான் செய்தது புரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரன் போட்ட துப்பாக்கி என்றால் அதன் தோட்டாவுக்கு இவன் ஏன் இப்படித் துடிக்க வேண்டும்? மறுபடி உட்கார்ந்தான். பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

"எந்த இடம்?" என்றார் பெரியவர்.

"சொல்லமாட்டேன்."

"யார் பேசினது?"

"அதையும் சொல்லமாட்டேன். யார் இல்லைன்னு சொல்லத்தான் நான் வந்தேன்."

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. இது தன் தகப்பன் கட்டிய கடை, இங்கே ஒளித்து வைத்திருக்கும் பொருள் எங்கே என்று வெளியிலிருந்து வந்தவர் தன்னிடமே மறைப்பதா என்று கேட்டார். பெயர் சொல்லாத ஆதாரம் ஆதாரமே இல்லை, தனக்குப் பெயர் வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். அண்ணி அசையவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேலாளர்களிடமே இறங்கிவராத பிடிவாதம் அவருடையது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன்போல் கொழுந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விடுங்கம்மா," என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

அத்தை வாஷர் தட்டைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துபோய் ஏணியில் ஏறி, முகம் இல்லாத அந்த இழுப்பறையை முழுதாக உருவி எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கல்லாவின் மேல், அண்ணன் முன்னால் வைத்தார்.

"நான்தான் பேசினேன்."

பெரியவர் தோட்டாக்களைப் பார்த்தார். பிறகு இழுப்பறையின் முகப்பைப் பார்த்தார். அந்த இரண்டு வெறும் துளைகளின் மேல் விரலை வைத்தார். அவர் கேட்டது யாரும் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"காலின்னு சொல்லுது முகம். உள்ளே இது இருக்கு. அப்பா காலத்துலேருந்து இந்தச் சுவர் பொய் சொன்னதில்லையே பாப்பா. நீ சொல்ல வெச்சிட்டியே."

"வீடு சொன்ன பொய்யைவிடவா அண்ணா?" என்றார் அத்தை. "வெளிய போர்டுல அப்பா பேரு. உள்ளே ஆணி மூட்டைக்குப் பின்னாடி துப்பாக்கி. குழந்தைங்க அங்கதான் ஒளிஞ்சு விளையாடுது. கண்ணாமூச்சியில அந்தச் சின்னது மூட்டைக்குப் பின்னாடி போய் உட்கார்றதை நான் பார்த்தேன். அன்னிக்கே தோட்டாவைக் கழட்டினேன். கழட்ட எனக்குத் தெரியுமா? ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து ஒண்ணொண்ணாக் கழட்டினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அந்த டிராயர் முகத்துல ஒண்ணைக் கட்டி வைக்கலாம்னு கம்பியைக்கூட எடுத்தேன். விதி அதானே. கட்டியிருந்தா நீங்க பார்த்திருப்பீங்க. பார்த்திருந்தா மறைச்சிருப்பீங்க."

பெரியவர் துளைகளின் மேலிருந்து விரலை எடுத்தார்.

"மறைச்சிருக்கமாட்டேன்னு சொல்லுங்க அண்ணா. நான் இப்பவே இந்த வீட்டைவிட்டுப் போறேன். சந்தையில இவனை அந்த ஆள் தள்ளினப்போ, அப்பா இருந்திருந்தா சுட்டிருப்பார்னு சாப்பிட உட்கார்ந்த இடத்துல சொன்னது யாரு? இவன் அதைக் கேட்டுட்டுத்தான் போய் வாங்கிட்டு வந்தான். மறுபடி இவன் ஒண்ணு வாங்கிட்டு வந்தா மறுபடி பேசுவேன். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்."

சின்ன முதலாளி ஸ்டூலிலிருந்து இறங்கி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான். தாழ்ந்த குரலில் வேகவேகமாகப் பேசினான். இதை இப்படியே சாக்கடையில் கொட்டிவிடலாம், தோட்டா இல்லாவிட்டால் வழக்கு நிற்காது, பெயின்ட் கடைக்காரன்மேல் பழி நிற்கும், இங்கே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டால் குடும்ப மானம் தப்பும் என்றான்.

"குடும்ப மானம்," என்றார் பெரியவர்.

அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் எத்தனையோ முறை சொல்லியிருப்பார். இப்போது பிறர் கையிலிருந்து வாங்கிப் பார்ப்பவர்போலச் சொன்னார். தராசில் வைத்த பொருள் சொன்ன எடை இல்லையென்று கண்டவர் முகம் அவருக்கு.

"தினமும் காலையில அந்த ஆள் இந்தக் கடையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போறான். நான் சுவரொட்டி கிழிச்சிட்டு நிக்கறப்போ, என் முகத்தைப் பார்த்துட்டுப் போறான். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்டா. தெரியாத மாதிரி நின்னேன்."

தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். கடையின் பழைய கறுப்புத் தொலைபேசி. எண்ணைப் பார்க்க வெளியே போகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. நேராகச் சுழற்றினார். தினம் ஒன்றாகக் கிழித்துக் கிழித்து அவருக்கும் அது மனப்பாடம் ஆகியிருந்தது.

மறுமுனையில் ஒரு பெண்குரல் வழக்கமான வாசகத்தைச் சொல்வது, அந்த அமைதியில் எல்லாருக்கும் மெலிதாகக் கேட்டது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றது.

"எனக்குச் சொல்லணும். எழுதிக்கோம்மா," என்றார் பெரியவர்.

தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். கடையின் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் சொன்னார். போன வாரம் இங்கே எடுத்த துப்பாக்கி தன் மகனுடையது, அதன் தோட்டாக்கள் தன் கல்லாவின் மேல் இருக்கின்றன, எடுத்து வைத்தவள் தன் தங்கை, குழந்தைகளைக் காப்பாற்ற அப்படிச் செய்தாள், கடை தன் பெயரில் இருப்பதால் கேட்க வேண்டியதையெல்லாம் தன்னையே கேட்கவேண்டும், பக்கத்துக் கடைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் மறுமுனை எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்.

"முன்வாசல் வழியாவே வரட்டும்," என்று முடித்தார்.

சின்ன முதலாளியின் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் உள்ளே போயிடுவேன்பா."

"போ. போயிட்டு வா. உண்மையைச் சொல்லிட்டுப் போனா, திரும்பி வர்றப்போ இந்த ஷட்டர் திறந்திருக்கும்."

அவன் ஆணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். எழுந்து ஓடவில்லை. அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். முதலில் வாங்கவில்லை, பிறகு வாங்கிக் குடித்தான்.

கொழுந்தன் போய் ஷட்டரை மேலே தள்ளினான். வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசற்படியில் பெட்டி அப்படியே இருந்தது.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மருமகளை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பெட்டியை எடுத்து உள்ளே வைம்மா. உங்கப்பா வந்தா நான் பேசிக்கறேன்."

மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அதை அங்க வெச்சது நான் இல்ல, மாமா."

தெருவில் போன ஒருவர் பெட்டியையும் உள்ளே நின்றவர்களையும் பார்த்து நடையைத் தளர்த்தினார். எதிர்க் கடை வாசலிலும் இரண்டு தலைகள் தெரிந்தன. பெரியவர் அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, மடிப்புக் கலையாத அந்தச் சட்டையோடு படியிறங்கிப் போய், தெருவே பார்க்க, குனிந்து பெட்டியைத் தூக்கினார்.